ஊருக்குத் திரும்பிய மருத்துவர்

என் அப்பத்தாவின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, காசளவு வட்டமாக இரண்டு தழும்புகள் உண்டு. சிறு வயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அந்தத் தழும்புகளை விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். அது என்ன என்று கேட்டால், அம்மை குத்தின தழும்பு என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். அவருக்கு ஓர் அக்காள் இருந்தாள் என்பதும், அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்த அன்று அந்த அக்காளை மட்டும் நெற்குதிருக்குள் இறக்கி ஒளித்து வைத்தார்கள் என்பதும், அடுத்த கோடையிலேயே பெரியம்மை கண்டு அவள் போய்விட்டாள் என்பதும் நான் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன.

அம்மை குத்த வந்தவர் தீயவர் அல்லர். நன்மை செய்யவே வந்தார். ஆனால் அவரை ஊருக்குத் தெரியாது. ஊரை அவருக்கும் தெரியாது. பெற்ற தாய் தன் மகளை ஒளித்து வைத்ததும் அன்பினால்தானே! அந்த அன்பு அறிவுக்கு வழிவிடாமல் போனது எதனால்? விலங்கியல் வகுப்பில் தடுப்பாற்றல் பற்றிய பாடத்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் பெயர் வந்தபோது இந்தக் கேள்வியே என் நெஞ்சில் வந்து நின்றது. பாடநூலில் அவருக்குக் கிடைத்த இடம் நான்கு வரிகள். நூலகத்தில் தேடிப் படித்தபோது, அவர் தலைநகரத்துப் பேராசிரியராக இருந்தவர் அல்லர், ஒரு சிற்றூரின் குடும்ப மருத்துவராகவே வாழ்ந்து அந்த ஊரிலேயே கண் மூடியவர் என்று அறிந்து வியந்தேன். அவருடைய வாழ்க்கையை, நான் அறிந்த அளவில், இங்கே எழுதத் துணிகிறேன்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், செவெர்ன் ஆற்றுச் சமவெளியில், க்ளாஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பெர்க்லி என்னும் சிற்றூர் இருக்கிறது. எங்கு நோக்கினும் பசும்புல் வெளி. கறவை மாடும், பாலும், பாலாடைக் கட்டியுமே அந்நாளில் அவ்வூர் மக்களின் வாழ்வு. அங்கே 1749 மே 17 அன்று, தேவாலயப் பாதிரியார் ஸ்டீபன் ஜென்னருக்கு ஒன்பது மக்களுள் எட்டாமவராகப் பிறந்தார் எட்வர்டு. ஐந்து வயது நிரம்பிய 1754ஆம் ஆண்டில் தாயையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்தார். தந்தையின் பெயரையே தாங்கிய மூத்த அண்ணன் ஸ்டீபன், தம்பிக்குத் தாயும் தந்தையுமானார்.

அந்த நூற்றாண்டு பெரியம்மையின் நூற்றாண்டு. ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் மக்கள் அந்நோயால் மாண்டனர் என்று கணக்கிடுகின்றனர். பிழைத்தவர் முகமெல்லாம் வடு. பலர் பார்வையையும் இழந்தனர். அதற்கு ஒரே தற்காப்பாக இருந்தது ஒரு பழைய ஆசிய முறை. பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி வைப்பார்கள். நோய் இலேசாக வந்து போகும். பிறகு வாழ்நாள் முழுவதும் வராது. ஆனால் இலேசாக வரும் என்பது உறுதியன்று. நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அதனாலேயே இறந்தனர். குத்திக்கொண்டவரிடமிருந்து பிறருக்கும் நோய் தொற்றியது.

எட்டு வயதில் ஜென்னருக்கும் இவ்வாறு குத்தினார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் இரத்தம் வெளியேற்றிப் பட்டினி போட்டு, பிறகு மற்றச் சிறுவர்களோடு ஒரு குதிரை லாயத்தில் அடைத்து வைத்தார்கள். பையன் பிழைத்தான். ஆனால் அந்த லாயத்தின் துன்பம் அவர் நினைவை விட்டு அகலவேயில்லை.

இலண்டன் அழைத்தது

பள்ளிப் படிப்பை முடித்த ஜென்னர், சிப்பிங் சாட்பரி என்னும் அண்டை ஊரில் ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மருந்து இடிப்பது முதல் கட்டுப் போடுவது வரை எல்லாம் கற்றார். மாட்டம்மை வந்து போன எனக்குப் பெரியம்மை வராது என்று ஒரு பால்காரப் பெண் அங்கே சொல்ல, அச்சொல் அவர் மனத்தில் விதையாக விழுந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அந்த நம்பிக்கை அப்பகுதியில் மாடு கறக்கும் வீடுதோறும் இருந்தது என்பது மெய்.

1770ஆம் ஆண்டு, 21 வயதில், இலண்டன் சென்று ஜான் ஹண்டர் என்னும் பேரறிஞரிடம் மாணவரானார். அறுவை மருத்துவத்தை அறிவியலாக உயர்த்தியவர் ஹண்டர். எண்ணிக்கொண்டே இராமல் செய்து பார், பொறுமையாகப் பார், சரியாகப் பார் என்பதே அவர் கற்பித்ததன் சாரம். ஆசிரியரும் மாணவரும் தந்தையும் மகனும் போல் பழகினர். கேப்டன் குக் தம் முதற்கடற்பயணத்தை முடித்துத் திரும்பியபோது, உடன் சென்ற ஜோசப் பேங்ஸ் கொண்டு வந்த உயிரினச் சேகரிப்பை ஒழுங்குபடுத்தும் பணி ஜென்னருக்குக் கிடைத்தது. அதில் அவர் காட்டிய திறமையைக் கண்டு, குக்கின் இரண்டாம் பயணத்தில் சேர அழைத்தனர்.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்! உலகைச் சுற்றி வரும் கப்பல் ஒருபுறம். செல்வமும் புகழும் தரும் இலண்டன் மறுபுறம். இருபது வயதைக் கடந்த ஓர் இளைஞர் இரண்டையும் வேண்டாம் என்றார். வளர்த்த அண்ணனையும் பிறந்த மண்ணையும் விட்டிருக்க அவருக்கு மனமில்லை. படித்தவன் ஊரில் என்ன செய்வான் என்று நம் ஊரில் கேட்பதைப் போல அவரையும் சிலர் கேட்டிருக்கக்கூடும். பயிற்சி முடிந்ததும் அவர் பெர்க்லிக்குத் திரும்பினார்.

குதிரை மேல் ஒரு மருத்துவர்

நீல நிறக் கோட்டு, மஞ்சள் பித்தான்கள், மெருகேற்றிய காலணி, வெள்ளிக் குதிமுள் — இந்தக் கோலத்தில் குதிரை ஏறிப் பண்ணை பண்ணையாகச் சென்ற இளம் மருத்துவரை அவருடைய நண்பர் ஒருவர் எழுத்தில் படம் பிடித்து வைத்திருக்கிறார். நோயாளி அவரைத் தேடி வருவதைவிட, அவர் நோயாளியைத் தேடிச் செல்வதே மிகுதி. சேறும் பனியும் நிறைந்த பாதைகள். 1786 சனவரியில் கடும் பனிக்காற்றில் கிங்ஸ்காட் என்னும் ஊருக்குச் சென்றபோது, குளிரால் உடல் மரத்து, பிறர் துணையின்றிக் குதிரையிலிருந்து இறங்கவும் இயலாத நிலையில் போய்ச் சேர்ந்தார். உணர்வு மங்கிய அந்த நிலையையும் பின்னர்க் குறித்து வைத்தார்; அறிவியலாளர் அல்லவா!

இத்தனை அலைச்சலுக்கும் கிடைத்த பலன் என்ன? பணம் என்று சொல்வதற்கில்லை. அவருடைய பேச்சின் இனிமைக்காக, நோய் பார்த்து முடித்து அவர் வீடு திரும்பும்போது, அந்த வீட்டார் குதிரை ஏறி, நள்ளிரவாயினும் பல மைல் தூரம் உடன் வந்து வழியனுப்பினார்கள் என்று வரலாறு சொல்கிறது. ஒரு மருத்துவருக்கு இதைவிடப் பெரிய ஊதியம் வேறு உண்டா? குழலும் பிடிலும் வாசிப்பார், கவிதை எழுதுவார், சுற்றுவட்டார மருத்துவர்களைச் சத்திரத்தில் கூட்டி, உணவோடு கட்டுரையும் படித்து விவாதிப்பார். 1784இல் பெர்க்லி கோட்டையிலிருந்து ஒரு பலூனைப் பறக்க விட்டார். அது கிங்ஸ்காட் பக்கம் போய் இறங்கியது. அந்த ஊர்ப் பெருமகனாரின் மகள் கேத்தரினை 1788இல் அவர் மணந்துகொண்டார். பலூன் தூது போன கதை என்று அன்பர்கள் இதைச் சொல்லி மகிழ்வதுண்டு.

நம் நாட்டுக் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல, அந்நாட்டுக் குயில் வேறு சிறு பறவைகளின் கூட்டில் முட்டையிடும். பொரித்து ஓரிரு நாளே ஆன, கண் திறவாத குஞ்சு, தன் முதுகுக் குழிவில் மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏந்தி வெளியே தள்ளுவதை ஜென்னர் கண்டறிந்து எழுதினார். 1788இல் அக்கட்டுரை வெளியானது. 1789இல் இராயல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். பலர் அதை நம்ப மறுத்தனர். 20ஆம் நூற்றாண்டில் புகைப்படக் கருவி வந்த பின்னரே ஐயம் முற்றும் நீங்கியது. இத்தனைக்கும் அப்போது அவரிடம் மருத்துவப் பட்டம் கிடையாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் பட்டம் அவருக்குக் கிடைத்தது 1792இல், 43ஆம் வயதில்தான்.

சொல்லாமல் வைத்த உண்மை

ஜென்னரின் மனத்தைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. மார்வலியால் இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தபோது, இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் தடித்துக் கடினமாகிக் கிடப்பதை அவர் கண்டார். இன்று நாம் மாரடைப்பு என்று அஞ்சுகிற நோயின் காரணத்தை முதலில் உணர்ந்த சிலருள் அவரும் ஒருவர். வெளியிட்டிருந்தால் பெரும்புகழ் வந்திருக்கும்.

ஆனால் அதே நேரத்தில் அவருடைய ஆசிரியர் ஹண்டருக்கு அந்த மார்வலி தோன்றியிருந்தது. தாம் எழுதினால் ஆசிரியர் படிப்பார். தம் நோய் தீராதது என்று அறிந்து கலங்குவார். ஆகவே ஜென்னர் மௌனம் காத்தார். 1793இல் ஹண்டர் இறந்தார். அவருடைய இதயக் குழாய்கள் ஜென்னர் எதிர்பார்த்தபடியே இருந்தன. உண்மையை மறைத்தது சரியா என்று வழக்காடலாம். ஆயினும் நோய்க்கு முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாதவரே குடும்ப மருத்துவர். ஜென்னர் அதை மறக்கவில்லை.

பால்காரப் பெண்களின் பேச்சு

மாட்டின் மடியில் கொப்புளம் காணும். கறப்பவர் கையிலும் அது தொற்றும். சில நாள் காய்ச்சல், பிறகு ஆறிவிடும். அந்த மாட்டம்மை வந்தவருக்குப் பெரியம்மை வருவதில்லை என்று உழவர் சொன்னதைப் படித்த மருத்துவர்கள் பாட்டிக் கதை என்று ஒதுக்கினர். ஜென்னர் ஒதுக்கவில்லை. சொன்னவர்களை அவருக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பிரசவம் தெரியும், சாவு தெரியும், எந்த ஆண்டு யார் எந்தப் பண்ணையில் வேலை பார்த்தார் என்பதும் தெரியும்.

1798இல் அவர் வெளியிட்ட நூலைப் பற்றிப் படித்தபோது, அது ஓர் ஊரின் குடும்ப ஏடு போலவே எனக்குத் தோன்றியது. அதில் 23 பேர்களின் வரலாறு பேசப்படுகிறது. ஜோசப் மெரெட் ஒரு தோட்டக்காரர். 1770இல் பண்ணை ஆளாக இருந்தபோது அவருக்கு மாட்டம்மை வந்தது. 25 ஆண்டு கழித்து, 1795இல், அவருக்குப் பெரியம்மைச் சீழைக் குத்தியும் நோய் பற்றவில்லை. சாரா போர்ட்லாக் என்னும் தாய், தம் குழந்தைக்குப் பெரியம்மை கண்டபோது அருகிருந்தே பேணினார். அவரை நோய் அணுகவில்லை. 27 ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மாட்டம்மை வந்திருந்தது. ஜான் பிலிப்ஸ் என்னும் வணிகருக்கு ஒன்பது வயதில் மாட்டம்மை. 62 வயதில் குத்தியும் பெரியம்மை வரவில்லை. 53 ஆண்டு கடந்தும் காப்பு குன்றவில்லை!

இத்தகைய கணக்கை எந்த நகரத்து மருத்துவமனையில் பெற முடியும்? ஒருவரது அரை நூற்றாண்டு வாழ்க்கையை அறிந்த ஊரில்தான் பெற முடியும். ஊர் மருத்துவருக்கு ஊர் தந்த கொடை இது. ஜென்னரின் ஆய்வுக்கூடம் அவர் வாழ்ந்த ஊரே.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1774இலேயே டார்செட் பகுதியில் பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் உழவர், தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் மாட்டம்மையைத் தாமே எடுத்துக் குத்தியிருந்தார். முதலில் துணிந்த பெருமை அவரைப் போன்றோர்க்கே உரியது. ஆராய்ந்து, மெய்ப்பித்து, உலகுக்கு எடுத்துரைத்த பெருமை ஜென்னருடையது.

1796 மே 14

அந்த ஆண்டு ப்ளாசம் என்னும் பசுவிடமிருந்து சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கையில் மாட்டம்மை தொற்றியது. மே 14 அன்று அவர் கைக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் இரண்டு சிறு கீறல்களில் வைத்தார் ஜென்னர். அவன் ஜென்னரிடம் வேலை பார்த்த தொழிலாளியின் மகன். ஏழாம் நாள் அக்குளில் சற்று வலி. ஒன்பதாம் நாள் குளிர், தலைவலி. பத்தாம் நாள் நலம். சூலை 1 அன்று பெரியம்மைச் சீழையே அவனுக்குக் குத்தினார். நோய் வரவில்லை.

இன்று இவ்வாறு ஒரு குழந்தையிடம் சோதனை செய்ய எந்த நாட்டுச் சட்டமும் இடம் தராது. ஏழைத் தொழிலாளி தம் முதலாளியிடம் மறுத்துப் பேச முடிந்திருக்குமா என்று கேட்பதும் நியாயமே. ஆனால் பெரியம்மைச் சீழைக் குத்துவது அன்று ஊரெங்கும் வழக்கமாக இருந்த முறை என்பதையும் நாம் நினைக்க வேண்டும். அடுத்து, தம் 11 மாதக் குழந்தை ராபர்ட்டுக்கும் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் குத்திப் பார்த்தார். ஊரார் பிள்ளைக்குச் செய்ததைத் தம் பிள்ளைக்கும் செய்தவர் அவர்.

இராயல் கழகம் அவருடைய முதற்கட்டுரையை ஏற்கவில்லை. சோதனைகளைப் பெருக்கி, சொந்தமாக நூலை வெளியிட்டார். 1798இல் அம்மைப்பாலோடு இலண்டன் சென்று ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். கை நீட்ட அங்கே ஒருவர்கூட முன்வரவில்லை! அதே மருத்துவர், அதே மருந்து. பெர்க்லியில் கை நீட்டினார்கள், இலண்டனில் நீட்டவில்லை. அங்கே அவர் யாரோ ஒருவர். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த நெற்குதிர் நினைவுக்கு வந்தது. அவர் ஊர் திரும்பிய பின், ஹென்றி க்ளைன் என்னும் இலண்டன் மருத்துவர், ஜென்னர் விட்டு வந்த அம்மைப்பாலைத் தம் நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்திப் பார்த்து உண்மை உணர்ந்தார். அதன் பிறகே நகரம் திரும்பிப் பார்த்தது.

உலகம் தேடி வந்தது

சில ஆண்டுகளில் அம்மைப்பால் உலகைச் சுற்றியது. நூலில் தோய்த்து உலர்த்தியும், கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்தும், ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தையின் கைக்கு மாற்றியும் அதைக் கொண்டு சென்றனர். பாக்தாத், பாஸ்ரா வழியாக 1802 சூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குக் குத்தப்பட்டது. அதுவே இந்தியாவில் முதன்முறை. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் வாழ்ந்தோர் பணம் திரட்டி ஜென்னருக்கு நன்றியாக அனுப்பி வைத்தனர். இங்கிலாந்தோடு போரிட்டுக்கொண்டிருந்த நெப்போலியனும் அவரை மதித்து, அவர் வேண்டுகோளுக்கு இணங்கிக் கைதிகள் சிலரை விடுவித்தான்.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. அம்மை குத்திக்கொண்டால் உடம்பில் மாடு முளைக்கும் என்று 1802இல் கேலிச் சித்திரம் வரைந்தார்கள். ஜென்னரிடமும் பிழைகள் இருந்தன. ஒருமுறை குத்தினால் வாழ்நாள் முழுவதும் காப்பு என்று நம்பினார். மீண்டும் குத்த வேண்டும் என்பது பிறகே புலனாயிற்று. மாட்டம்மையின் மூலம் குதிரை என்று அவர் சொன்னதைப் பிழை என்று பலரும் சிரித்தனர். ஆனால் இந்த நூற்றாண்டின் மரபணு ஆய்வுகள், பழைய அம்மைப்பாலில் இருந்த வைரசு குதிரையம்மை வைரசுக்கு மிக நெருங்கியது என்று காட்டியுள்ளன!

அம்மைப்பாலை இரகசியமாக வைத்துக்கொண்டு விற்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். அவர் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பினார், கடிதம் எழுதுவதிலேயே நாள் கழிந்தது, ஊர்த்தொழில் நலிந்தது. நாடாளுமன்றம் 1802இல் 10,000 பவுனும், 1807இல் 20,000 பவுனும் வழங்கியது. இடையில் நண்பர்கள் சொற்படி இலண்டனில் வீடெடுத்துத் தொழில் நடத்திப் பார்த்தார். அது பலிக்கவில்லை. இரண்டாம் முறையாக ஊருக்குத் திரும்பினார்.

பெர்க்லியில் அவர் வீட்டுத் தோட்டத்தில் மரப்பட்டை வேய்ந்த ஒரு சிறு குடில் இருந்தது. அங்கே ஏழை மக்களுக்கு இலவசமாக அம்மை குத்தினார். ஜேம்ஸ் ஃபிப்ஸ் வளர்ந்து மணம் முடித்தபோது, வாடகையின்றி வாழ ஒரு வீட்டை அவருக்குக் கொடுத்து, அதன் தோட்டத்தில் ரோசாச் செடிகளும் வைத்துத் தந்தார் என்பர். சோதனை முடிந்ததும் உறவும் முடிந்தது என்று அவர் எண்ணவில்லை.

திரும்பி வந்த பறவை

1810இல் மூத்த மகன் எட்வர்டு காசநோயால் இறந்தான். 1815இல் மனைவி கேத்தரினையும் அதே நோய் கொண்டு போயிற்று. உலகத்தின் பிள்ளைகளைக் காத்தவரால் தம் பிள்ளையைக் காக்க இயலவில்லை. அதன்பின் அவர் பெர்க்லியை விட்டு வெளியே செல்வது அரிதாயிற்று. பறவைகளைப் பார்த்தார்.

குளிர்காலத்தில் பறவைகள் எங்கே போகின்றன? குளத்தின் அடியில் உறங்குகின்றன என்று அன்று நம்பியவர் பலர். ஜென்னர் ஒரு பண்ணை வீட்டில் கூடு கட்டிய உழவாரன் பறவைகள் சிலவற்றைப் பிடித்து, கால் நகத்தை வெட்டி அடையாளமிட்டு விட்டார். அடுத்த ஆண்டு அதே பறவைகள் அதே இடத்திற்கு வந்தன. ஏழு ஆண்டு கழித்தும், அடையாளமிட்ட பறவை ஒன்றை அந்தப் பண்ணையின் பூனை கவ்விக்கொண்டு வந்தது. தொலைவு சென்ற பறவையும் தன் பழைய இடத்தை மறவாமல் திரும்புகிறது என்று காட்டிய அந்தக் கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1824இல் வெளியானது. இரு முறை இலண்டனிலிருந்து திரும்பியவர் எழுதிய கடைசிக் கட்டுரை அது.

1823 சனவரி 24 அன்று, கடுங்குளிரில், அண்டையிலிருந்த ஹாம் என்னும் இடத்திற்கு நடந்து சென்று, ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு விறகு கொடுக்க ஏற்பாடு செய்தார். மறுநாள் காலை தம் நூலக அறையில் நினைவிழந்து கிடந்தார். சனவரி 26 அன்று, 73ஆம் வயதில், உயிர் பிரிந்தது. பெர்க்லி தேவாலயத்தில், பெற்றோருக்கும் மனைவிக்கும் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தச் சடங்கில் கலந்துகொண்டவர்களுள் ஜேம்ஸ் ஃபிப்சும் ஒருவர்.

இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1975 மே மாதத்தில். இயற்கையாகத் தொற்றிய உலகின் கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் காணப்பட்டார். 1980 மே 8 அன்று பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. மனிதன் முற்றாக ஒழித்த முதல் நோய் அது. மனிதரைத் தாக்கும் நோய்களுள் இன்றுவரை அவ்வாறு ஒழிந்தது அது ஒன்றே.

என் அப்பத்தாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2021இல் கொரோனாத் தடுப்பூசி எங்கள் ஊருக்கு வந்தபோது பலர் அஞ்சினர். சிலர் தோட்டத்திற்குப் போய்விட்டனர். ஊசி போட வந்தவர், இருபது ஆண்டுகளாக எங்கள் தெருக்களில் நடந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொட்டு மருந்து ஊற்றிய கிராமச் செவிலியர். என்னையும் பிறந்த அன்று கையில் ஏந்தியவர். அவர் வாசலில் நின்று அப்பத்தாவை உறவு சொல்லி அழைத்தார். அப்பத்தா எழுந்து போய், தழும்பிருந்த அதே இடது கையை நீட்டினார். பிறகு தெருவே வந்தது. திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்தவர், அன்றைக்கு இந்தப் பிள்ளை வந்திருந்தால் ஆத்தா என் அக்காளை ஒளித்திருக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் மருத்துவம் படிப்பவன் அல்லன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள், அவ்வளவே. படித்து வெளியே போய்விடு, இந்த மண்ணில் ஒன்றுமில்லை என்று என் தந்தையார் சொல்வதில் உள்ள வலியும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஜென்னரின் வாழ்க்கை என்னை உறங்கவிடவில்லை. அறிவை நகரம் தரலாம். அந்த அறிவை நம்பிக் கை நீட்ட, தெரிந்த முகம் ஒன்று வேண்டும். அந்த முகமாக இருக்கும் பேறு, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கே வாய்க்கிறது. நம்முள் ஒரு சிலரேனும் திரும்புவோமா, நண்பர்களே?